குப்பியில் வளரும் பகை

நோயை ஒழிப்பதற்காகவே ஒருவர் நோயை வளர்க்கிறார் என்று கேட்டால் வியப்பே தோன்றும். எனினும், உலகின் பல நாடுகளிலுள்ள ஆராய்ச்சிக் கூடங்களில் அறிஞர்கள் இத்தொழிலையே நாள்தோறும் செய்து வருகின்றனர். உழவர் நாற்றைக் காப்பதுபோல, அவர்கள் மீனின் உடலை அரிக்கும் ஒட்டுண்ணிகளைக் காக்கின்றனர், அவற்றுக்கேற்ற உணவும் வெப்பமும் உறைவிடமும் அமைத்துத் தருகின்றனர், அவை நலிந்தால் கவலை கொள்கின்றனர், பெருகினால் மகிழ்கின்றனர். அவை வளர்வது குளத்திலும் அன்று, தொட்டியிலும் அன்று. உள்ளங்கையில் அடங்கும் சிறு குப்பியில். அக்குப்பியினுள் மீனும் இல்லை. மீனின் உடலிலிருந்து பிரித்தெடுத்த உயிரணுக்கள் மட்டுமே அதன் அடியில் மெல்லிய படலமாய்ப் படர்ந்திருக்கின்றன.

இம்முயற்சி ஏன் வேண்டியதாயிற்று என்பதை அறிய, மீன் வளர்ப்போர் யாவரும் அஞ்சும் ஓர் ஒட்டுண்ணியை முதலில் எடுத்துக்கொள்வோம். கண்ணாடித் தொட்டியில் அழகு மீன்களை வளர்ப்போர், சிலவேளைகளில் அவற்றின் உடலிலும் துடுப்பிலும் உப்பைத் தூவியதுபோல வெண்ணிறப் புள்ளிகளைக் காண்பர். மீன் கற்களின்மேல் உடலைத் தேய்த்துக்கொள்ளும்; நீரின் மேல்மட்டத்திற்கு வந்து மூச்சுக்குத் திணறும்; சில நாள்களில் மாண்டு மிதக்கும். இதுவே வெண்புள்ளி நோய். இதனை விளைவிப்பது ஒரே உயிரணுவால் ஆகிய ஓர் உயிர். 1876ஆம் ஆண்டில் இதனை விளக்கி எழுதிய பிரெஞ்சு அறிஞர் பூக்கே, ‘இக்தியோப்தீரியஸ் மல்டிபிலிஸ்’ என்று இதற்குப் பெயரிட்டார். ‘பல பிள்ளைகளை உடைய மீன்பேன்’ என்பது அதன் பொருள். நாவிற்கு எளிதில் வாராத பெயரே ஆயினும் மிகப் பொருத்தமான பெயர்.

மீனின் தோலுக்கடியில் புகுந்து கொழுத்த இவ்வுயிர், ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவிற்குப் பருத்தபின் வெளியேறுகிறது. தொட்டியின் அடியிலோ கல்லிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றிப் பசை போன்ற உறை ஒன்றை அமைத்துக்கொள்கிறது. அவ்வுறைக்குள் ஒன்று இரண்டாகவும், இரண்டு நான்காகவும் பிளந்து பிளந்து, ஆயிரம் வரையிலும் குஞ்சுகள் தோன்றுகின்றன. உறையைத் துளைத்துக்கொண்டு நீந்திவரும் அக்குஞ்சுகள் ஓரிரு நாள்களுக்குள் ஒரு மீனைக் கண்டு பற்றியாக வேண்டும், இல்லையேல் மடியும்.

ஆராய்வோரின் இடர்ப்பாடு முழுவதும் அந்த ‘இல்லையேல்’ என்னும் ஒரு சொல்லில் அடங்கியுள்ளது. இவ்வொட்டுண்ணியைத் தம் கூடத்தில் உயிருடன் வைத்திருக்க விரும்புவோர், அதற்கு ஓயாமல் மீன்களை இரையாக அளித்துக்கொண்டே இருத்தல் வேண்டும். முன்னரே இந்நோயுற்றுப் பிழைத்த மீனின் உடல் ஒட்டுண்ணியை எதிர்க்கக் கற்றுக்கொள்ளும்; ஆதலின் அது பயன்படாது. நோயே காணாத புதுமீன்கள் வேண்டும். அவை ஒவ்வொரு முறையும் துன்புற்று மடியும். இவ்வளவு செய்தும், ஒரு மீனிலிருந்து மறுமீனுக்கு நெடுங்காலம் மாற்றி வந்தால், ஒட்டுண்ணியின் கால்வழி தானே தளர்ந்து அற்றுப்போவதும் உண்டு. மேலும், மீனின் உடல் ஒளி புகாத ஒரு வீடு. அதனுள் புகுந்த பகைவன் எங்கே செல்கிறான், எதை உண்கிறான், எவ்வாறு பெருகுகிறான் என்பவற்றை வெளியிலிருந்து பார்த்து அறிய இயலாது. மருந்து கொடுத்தபின் மீன் பிழைத்தால், மருந்து ஒட்டுண்ணியைக் கொன்றதா, மீனின் வலிமையைத் தூண்டியதா என்பதும் தெளிவாகாது. மீனின்றி ஒட்டுண்ணியை மட்டும் வளர்க்க இயலுமாயின் இவ்விடர்கள் யாவும் நீங்குமன்றோ?

ஒட்டுண்ணி உயிருள்ள உடலையே உணவாகக் கொள்வது. எனவே, அதனைக் குப்பியில் வளர்க்குமுன், மீனின் உடலில் ஒரு சிறு பகுதியையேனும் குப்பியில் உயிரோடு வைத்திருக்கக் கற்றல் வேண்டும். அக்கலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பிறந்தது. 1907ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ராஸ் ஹாரிசன், தவளைக் கருவின் நரம்புத் துணுக்கு ஒன்றை நிணநீர்த்துளியில் இட்டு வைத்து, அதிலிருந்து நரம்பிழை வளர்ந்து நீள்வதை நுண்ணோக்கியின் வழியே கண்டார். உடலைவிட்டுப் பிரிந்த உயிரணு, உடலின்றியே வாழக்கூடும் என்பது அன்று மெய்ப்பட்டது. சில ஆண்டுகள் சென்றபின் அலெக்சிஸ் காரல் என்பவர், கோழிக்குஞ்சின் கருவிலிருந்து எடுத்த இதயத்துணுக்கை 1912 முதல் வளர்க்கத் தொடங்கினார். அவ்வளர்ப்பு அவர் இறந்த பின்னரும் தொடர்ந்து, முப்பத்து நான்கு ஆண்டுகள் நடைபெற்றதாகச் சொல்லப்பட்டது. நாளேடுகள் அதனைச் சாவா இதயம் என்று போற்றின. இயல்பான உயிரணு அளவின்றிப் பெருக இயலாது என்பதனை 1961இல் ஹேஃப்ளிக் என்பவர் நிறுவிய பின்னர், அக்கதையை அறிஞர் ஐயத்துடனேயே நோக்குகின்றனர். புகழ் பெற்ற செய்திகளையும் மீண்டும் சோதித்துப் பார்க்கும் துணிவு அறிவியலுக்கு வேண்டும்.

கோழி, எலி, மனிதர் ஆகியோரின் உயிரணுக்களை வளர்க்கும் முறைகள் பெருகிய நாளிலும் மீனின் உயிரணுவை நாடினோர் சிலரே. அக்குறையை நீக்கியவர் கென் உல்ஃப் என்பவர். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் லீட்டவுன் என்னும் இடத்தில் இருந்த மீன்நோய் ஆராய்ச்சிக் கூடத்தில் அவர் பணியாற்றினார். மீன்களைக் கொல்லும் வைரசு நோய்களை ஆராய அவருக்கு மீன் உயிரணுக்கள் தேவைப்பட்டன. 1962ஆம் ஆண்டில் அவரும் குவிம்பி என்பவரும், இளம் வானவில் டிரவுட் மீன்களின் இனப்பெருக்க உறுப்பிலிருந்து எடுத்த உயிரணுக்களை நிலையாகப் பெருகும் கால்வழியாக ஆக்கிக் காட்டினர். ‘ஆர்.டி.ஜி.-2’ என்று பெயர்பெற்ற அக்கால்வழி இன்றும் பல நாட்டு ஆராய்ச்சிக் கூடங்களில் வளர்ந்து வருகிறது. அது தோன்றக் காரணமான மீன்கள் மறைந்து பல்லாண்டுகள் ஆயின; அவற்றின் உயிரணுக்களோ இன்னும் பெருகிக்கொண்டிருக்கின்றன. பாலூட்டிகளின் உயிரணுக்களுக்கு உடற்சூடாகிய 37 பாகை வெப்பம் வேண்டும். டிரவுட் மீனின் உயிரணுக்களுக்கு 20 பாகையளவே போதும். அதனினும் குளிர்ந்த நிலையிலும் அவை மெல்ல வளரும்.

உயிரணுக்களை வளர்க்கும் முறை கேட்பதற்கு எளிது, செய்வதற்கு அரிது. மீனின் உறுப்பிலிருந்து சிறு பகுதியை வெட்டியெடுத்து, நுண்ணிய துணுக்குகளாக நறுக்குவர். நம் குடலில் ஊன் உணவைச் செரிக்கச் செய்யும் டிரிப்சின் என்னும் பொருளை அளவாகச் சேர்த்தால், உயிரணுக்களைப் பிணைத்திருக்கும் பசை கரைந்து அவை தனித்தனியே பிரியும். அவற்றைச் சத்துநீரில் கலந்து குப்பியில் ஊற்றி, அசையாமல் வைப்பர். சத்துநீரில் உப்புக்களும், சருக்கரையும், புரதத்தின் கூறுகளும், வைட்டமின்களும் இருக்கும். கன்றின் குருதியிலிருந்து பிரித்த தெளிநீரும் சிறிது சேர்ந்திருக்கும். ஒருநாள் கழிவதற்குள் உயிரணுக்கள் குப்பியின் அடியில் ஒட்டிக்கொண்டு, கால் நீட்டிப் படர்ந்து, பெருகத் தொடங்கும். சில நாள்களில் ஓடு வேய்ந்தாற்போல ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இடைவெளியற்ற ஒற்றைப் படலமாகும். இடம் நெருங்கியவுடன் பாதியை எடுத்துப் புதுக்குப்பியில் இடுவர். சத்துநீரில் கலந்துள்ள சிவப்புச் சாயம், கழிவு மிகுந்து புளிப்பேறும்போது மஞ்சளாக மாறும். பசித்த குழந்தையின் அழுகையைத் தாய் அறிவதுபோல, அந்நிறமாற்றத்தைக் கண்டு வளர்ப்போர் சத்துநீரை மாற்றுவர்.

இதில் பெரும்பகை வேறொன்று உண்டு. சத்துநீர் மீன் உயிரணுவுக்கு மட்டுமன்று, காற்றில் மிதக்கும் ஒவ்வொரு பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் விருந்து. ஒன்று புகுந்தாலும் ஓரிரவில் குப்பி முழுதும் கலங்கிப்போகும். கருவிகளைக் கொதிநீராவியில் தூய்மை செய்தும், வடிகட்டிய காற்று வீசும் பேழைக்குள் கைகளை நீட்டி வேலை செய்தும், பெனிசிலின் போன்ற மருந்துகளைச் சேர்த்தும் இத்தொல்லையைத் தவிர்க்கின்றனர். ஆனால் மீனின் தோலிலும் குடலிலும் வாழும் ஒட்டுண்ணியோ தன்னுடன் ஒரு பாக்டீரியாப் படையையே சுமந்து வருவது. அதனைப் பலமுறை கழுவித் தூய்மையாக்கிக் குப்பியில் சேர்ப்பதற்குள், பல மாதங்களின் உழைப்பு வீணாவதும் உண்டு.

இக்கலை நம் நாட்டிலும் வேரூன்றியுள்ளது. வேலூரை அடுத்த மேல்விசாரத்திலுள்ள சி. அப்துல் ஹக்கீம் கல்லூரியில் சாகுல் அமீது அவர்களும் அவருடன் உழைத்தோரும், கொடுவா மீனின் சிறுநீரகத்திலிருந்து உயிரணுக் கால்வழி ஒன்றை உருவாக்கினர். 2006இல் வெளியான அவர்தம் ஆய்வுரை, அதனை இந்தியாவின் முதல் கடல்மீன் உயிரணுக் கால்வழி என்று குறிக்கிறது. வைரசு நோய்களை ஆராய்வதற்கே அது முதன்மையாகப் பயன்பட்டது. எனினும், ஒருமுறை கட்டிய வீட்டில் எவ்வகை விருந்தினரையும் குடியமர்த்தி ஆராயலாமன்றோ? அழையா விருந்தினராகிய ஒட்டுண்ணிகளையும் குடியமர்த்த முற்பட்டோர் பல நாடுகளில் உளர்.

ஒட்டுண்ணிகளுள் சில உயிரணுவின் வெளியே ஒட்டி வாழ்வன. சில உயிரணுவின் உள்ளேயே புகுந்து வாழ்வன. உள்ளே வாழ்வனவற்றுள் மைக்ரோஸ்போரிடியா என்னும் இனம் மிக விந்தையானது. பூஞ்சைகளின் உறவாகக் கருதப்படும் இவ்வினம், சில மைக்ரான் நீளமுள்ள வித்தாக வெளியே திரியும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அவ்வித்தினுள் நுண்ணிய குழல் ஒன்று கயிற்றைச் சுருட்டி வைத்தாற்போல அடங்கியிருக்கும். தக்க தூண்டுதல் கிடைத்தவுடன், கண் இமைக்கும் நேரத்தில், அக்குழல் உட்புறம் வெளிப்புறமாகப் புரண்டு பாய்ந்து அண்டையிலுள்ள உயிரணுவைத் துளைக்கும். வித்தின் உட்பொருள் முழுதும் குழலின் வழியே ஓடி உயிரணுவுக்குள் இறங்கிவிடும். வேலெறிந்த வீரன் தானும் அவ்வேலின் உள்ளே ஒளிந்து சென்று பகைவன் கோட்டைக்குள் இறங்கினால் எவ்வாறிருக்கும்!

பட்டுப்புழுக்களைக் கொல்லும் இவ்வின ஒட்டுண்ணி ஒன்றை, பூச்சித் திசுக்களில் முளைக்கச் செய்து ஓரளவு வளர்த்தும் காட்டியவர் வில்லியம் டிரேகர். அது 1937ஆம் ஆண்டில். அவரே முதுமையில், 1976ஆம் ஆண்டில், ஜென்சன் என்பவருடன் சேர்ந்து, கொடிய மலேரியாவின் ஒட்டுண்ணியை மனிதரின் சிவப்பணுக்களில் இடையறாது வளர்க்கும் வழியைக் கண்டு உலகப் புகழ் எய்தினார். பட்டுப்புழுவில் தொடங்கிய பயிற்சி நாற்பது ஆண்டுகள் கழித்து மலேரியாவில் பயன்பட்டது என்று சொல்வது மிகையாகாது.

மீன்களைத் தாக்கும் மைக்ரோஸ்போரிடியாக்கள் அவ்வளவு எளிதில் வசப்படவில்லை. சாலமன் மீன்களின் வெள்ளணுக்களைத் தாக்கும் நியூக்ளியோஸ்போரா என்பது, உயிரணுவுக்குள் புகுவதோடு நில்லாமல் அதன் நடுவிலுள்ள உட்கருவுக்குள்ளேயே குடியிருப்பது. அதனை வளர்க்க விரும்பியோர் முதலில் சாலமன் வெள்ளணுக்கள் குப்பியில் உயிரோடு பெருகுவதற்கெனத் தனியே ஒரு சத்துநீரைச் சமைத்துக்கொள்ள நேர்ந்தது. 1994இல் அம்முயற்சி வெற்றி பெற்றது. கங்கைச் சமவெளி ஓடைகளில் இயல்பாக வாழ்வதும், இன்று உலகெங்குமுள்ள ஆராய்ச்சிக் கூடங்களில் இலட்சக்கணக்கில் வளர்க்கப்படுவதுமான வரிமீனிலும் இத்தகைய ஒட்டுண்ணி ஒன்று உண்டு. அது மூளையிலும் தண்டுவடத்திலும் தங்குவது. தாயிடமிருந்து முட்டையின் உள்ளேயே குஞ்சுக்குச் செல்வது. முட்டையின் மேற்புறத்தை மருந்தால் கழுவினாலும் உள்ளிருக்கும் வித்து சாவதில்லை. மூளை நோய்களை ஆராய்வோர் தம் வரிமீன்களின் மூளையிலேயே அறியாத விருந்தாளி ஒருவன் அமர்ந்திருந்தால், அவர்தம் முடிவுகள் பிறழும் என்பது வெளிப்படை. அதனாலேயே இவ்வொட்டுண்ணியைக் குப்பியில் வளர்க்கும் முயற்சி 2006இல் மேற்கொள்ளப்பட்டு, ஓரளவு பயனும் தந்தது.

வெளியே ஒட்டி வாழ்வனவற்றுள் அமைலோடினியம் என்பது கடல்மீன் பண்ணைகளின் கொடும்பகை. கடலில் மிதக்கும் நுண்பாசிகளின் உறவினமாகிய இது, பாசிகளைப்போல வெயிலில் உணவு சமைத்து வாழாமல், வேர் போன்ற இழைகளால் மீனின் செவுளைப் பற்றி உறிஞ்சும். பருத்தபின் உதிர்ந்து விழுந்து, மீண்டும் மீண்டும் பிளந்து, இருநூற்றுக்கும் மேற்பட்ட நீந்தும் குஞ்சுகளை ஈனும். 1987இல் எட்வர்டு நோகா என்னும் அமெரிக்க அறிஞர், மீன் உயிரணுப் படலத்தின்மேல் இக்குஞ்சுகளை விட்டுப் பார்த்தார். அவை செவுளைப் பற்றுவதுபோலவே அப்படலத்தைப் பற்றிக்கொண்டு, உண்டு, பருத்து, உதிர்ந்து, பிளந்து, மீண்டும் குஞ்சுகளைத் தந்தன. ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுழல் முழுதும் ஒரு மீனும் இல்லாமலே குப்பிக்குள் நிறைவேறியது. வெண்புள்ளி நோயின் ஒட்டுண்ணியோ இத்தகைய படலங்களில் சிறிது வளர்ந்ததுண்டேயன்றி, இடையறாது பெருகும் நிலையை எய்தவில்லை. ஒன்றுக்கொன்று ஒத்த வாழ்வுடைய இவ்விரண்டில் ஒன்று இணங்கியது, மற்றொன்று இணங்கவில்லை.

குப்பியில் ஓர் உயிர் வளர்ந்துவிட்டால் வெற்றி கிட்டியது என்று எண்ணிவிடலாகாது. ஆஸ்திரேலியாவைச் சார்ந்த தாஸ்மேனியத் தீவில் 1980களின் நடுவில் சாலமன் பண்ணைகள் தோன்றின. தோன்றிய சிறிது காலத்திலேயே மீன்களின் செவுள்களில் வெண்ணிறச் சளித்திட்டுக்கள் காணப்பட்டன. மீன்கள் மூச்சின்றி மடிந்தன. செவுள்களில் அமீபாக்கள் நிறைந்திருந்தன. கடல்மீனைச் சில மணிநேரம் நன்னீரில் விட்டு எடுத்தால் அமீபாக்கள் உதிர்வதைக் கண்ட பண்ணையார், அதனையே மருந்தாகக் கொண்டனர். அறிஞரோ செவுளிலிருந்து அமீபாக்களை எடுத்து வளர்த்தனர். அவை நன்கு வளர்ந்தன. அவற்றுக்கு நியோபாரமீபா பெமாக்விடென்சிஸ் என்று பெயரும் தெரிந்தது. ஆனால் அவ்வாறு வளர்த்தவற்றை நலமான மீன்களிடையே விட்டபோது, மீன்களுக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. நோயுற்ற செவுளிலிருந்து அப்போதே வழித்தெடுத்த அமீபாக்கள் மட்டும் நோய் விளைத்தன.

நோய்க்குக் காரணமான உயிரைக் கண்டறிய ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் வகுத்த நெறி ஒன்று உண்டு. அவ்வுயிரை நோயாளியின் உடலில் காணவேண்டும்; பிரித்துத் தனியே வளர்க்கவேண்டும்; வளர்த்ததை நலமான உடலில் செலுத்தினால் அதே நோய் வரவேண்டும்; அந்நோயாளியிடமிருந்து அவ்வுயிரை மீண்டும் பிரித்தெடுக்கவேண்டும். தாஸ்மேனிய அமீபா மூன்றாம் படியில் தவறியது. நெடுநாள் ஐயத்திற்குப் பின், 2007ஆம் ஆண்டில் உண்மை வெளிப்பட்டது. செவுளின் புண்களில் இருந்தது வேறோர் இனம். உருவத்தில் முன்னையதிலிருந்து பிரித்தறிய இயலாத அதற்கு நியோபாரமீபா பெருரான்ஸ் என்று பெயரிட்டனர். குப்பியில் எளிதாக வளர்ந்தது குற்றமற்றது. குற்றவாளியோ குப்பியில் வளராமல் மறைந்து நின்றது. எளிதில் கிடைப்பதையே தேடியது என்று எண்ணுவதால் நேரும் மயக்கத்திற்கு இதனினும் நல்ல சான்று கிடைப்பதரிது. 2012இல் பெருரான்சையும் வளர்த்தனர். வளர்த்ததைக் கொண்டு நோயை வருவித்துக் காக்கின் நெறி முழுவதையும் நிறைவேற்றினர். இதற்கு மீன் உயிரணுப் படலம் வேண்டியிருக்கவில்லை. கடல்நீர் சேர்த்த சத்துக்கூழின்மேல் பாக்டீரியாக்களை உண்டே அது வளர்ந்தது.

அதன்பின் மற்றொரு செய்தி புலப்பட்டது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் குப்பியிலேயே வளர்ந்த பெருரான்ஸ் கால்வழி ஒன்று நோய் விளைக்கும் ஆற்றலை முற்றும் இழந்திருந்தது. இது 2015இல் வெளியான செய்தி. காட்டுப்புலி கூண்டில் பிறந்து வளர்ந்து வேட்டையை மறப்பதுபோல, ஒட்டுண்ணியும் உழைப்பின்றி உணவு பெற்றமையால் தன் கொடுமையை மறந்துவிட்டது. எனவே, குப்பியில் பெற்ற முடிவு மீனிலும் பொருந்துமா என்பதை அவ்வப்போது மீனிடமே சென்று சோதித்தல் வேண்டும். தொடக்கக் காலத்து ஒட்டுண்ணிகளில் ஒரு பகுதியைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்துக் காப்பதும் இதற்காகவே. உறைநிலைக்குக் கீழே 196 பாகைக் குளிரில் காலம் நின்றுவிடுகிறது. வேண்டியபோது அவற்றை எடுத்து உருக்கினால் பழைய கொடுமை மாறாமல் எழும்.

ஒருவருக்கு இடையூறாய் நின்ற இம்மறதியே மற்றொருவருக்கு வாய்ப்பாயிற்று. வட அமெரிக்காவின் மேற்குக்கரை ஆறுகளில் வாழும் சாலமன், டிரவுட் மீன்களின் குருதியில் கிரிப்டோபியா என்னும் ஒட்டுண்ணி நீந்துகிறது. அட்டைகள் மீனின் குருதியைக் குடிக்கும்போது இது மீனுக்கு மீன் பரவும். நோயுற்ற மீன் குருதி குன்றி, கண் பிதுங்கி, வயிறு வீங்கி, உணவை வெறுத்து மடியும். கனடா நாட்டுக் குவெல்ப் பல்கலைக்கழகத்தில் பாட்ரிக் ஊ என்பவரும் அவருடைய மாணவரும் இதனைச் சத்துநீரில் நீண்டகாலம் வளர்த்துக் கொடுமை குன்றச் செய்தனர். அவ்வாறு சாதுவானதை டிரவுட் மீன்களுக்கு ஊசியால் செலுத்தியபோது, அது அவற்றின் குருதியில் சிறிதளவே பெருகியது; நோய் வரவில்லை. பின்னர்க் கொடிய கிரிப்டோபியாவைச் செலுத்தியபோதும் அம்மீன்கள் பிழைத்து நின்றன. 1990இல் வெளியிடப்பட்ட இவ்வாராய்ச்சி, குப்பியில் மறதியுற்ற பகைவனையே காவலனாக்கியது. பாஸ்டர் கோழிக் காலராவுக்குத் தடுப்பு கண்ட வழியும் இதுவே. அவரும் பழையதாகி வலிமை குன்றிய கிருமியைக் கொண்டே கோழிகளைக் காத்தார்.

இவ்வளவு கைவந்த பின்னரும், அறிஞரின் குப்பிக்கு முற்றும் அடங்காத ஒட்டுண்ணிகள் உண்டு. அவற்றுள் தலையாயது சுழல்நோய் விளைக்கும் மிக்சோபோலஸ் செரிபிராலிஸ். நீலகிரி ஓடைகளில் ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்டார்களே, அந்த டிரவுட் மீனின் இனத்தையே இது தாக்குகிறது. இளமீனின் தலையிலும் முதுகெலும்பிலும் உள்ள குருத்தெலும்பை இது அரித்து உண்கிறது. உடலின் நிலையை நேர்ப்படுத்த இயலாத குஞ்சு, தன் வாலைத் தானே துரத்துவதுபோல வட்டமிட்டுச் சுழல்கிறது, வால் கருக்கிறது, மண்டை கோணுகிறது. ஜெர்மனியில் இதனை முதலில் கண்டு விளக்கியவர் ஹோபர். 1950களில் இது அமெரிக்காவில் தலைகாட்டியது. 1990களில் மொன்டானா மாநிலத்து மேடிசன் ஆற்றில் வானவில் டிரவுட் மீன்களில் பத்தில் ஒன்பது பங்கு குறைந்துபோகும் அளவிற்குப் பேரழிவு நேர்ந்தது.

இவ்வொட்டுண்ணியின் வித்துக்களை நலமான மீனுக்கு ஊட்டினால் நோய் வருவதில்லை. நோயுற்ற மீன் வாழ்ந்த குளத்துச் சேற்றில் மீனை விட்டால் நோய் வருகிறது. வித்துக்கள் சேற்றில் கிடந்து பல மாதங்கள் முதிர வேண்டும் போலும் என்று எண்பது ஆண்டுகளாகக் கருதி வந்தனர். மீன் உயிரணுக்களை வளர்த்த அதே கென் உல்ஃப், மார்க்கீவ் என்னும் அம்மையாருடன் சேர்ந்து, 1984ஆம் ஆண்டில் இப்புதிரை அவிழ்த்தார். சேற்றில் வித்து முதிரவில்லை. சேற்றில் வாழும் டியூபிபெக்ஸ் என்னும் மெல்லிய செம்புழு அதனை உண்கிறது. புழுவின் குடலில் வித்து முற்றிலும் வேறோர் உருவெடுக்கிறது. மூன்று கைகளையுடைய நங்கூரம் போன்ற அவ்வுரு நீரில் மிதந்து வந்து மீனின் தோலில் பற்றுகிறது. அதுவரை இவ்விரு உருவங்களையும் வெவ்வேறு இனங்களாக, ஏன், வெவ்வேறு வகுப்புக்களாகவே நூல்கள் பிரித்து எழுதியிருந்தன. தாயையும் சேயையும் அயலாராக எண்ணியதுபோல ஆயிற்று. பின்னாளைய மரபணு ஆராய்ச்சிகள் மேலும் ஒரு வியப்பைச் சேர்த்தன. ஒரே உயிரணு உயிர்களுடன் சேர்த்து எண்ணப்பட்ட இவ்வினம், கடலில் மிதக்கும் சொறிமீன்களின் உறவே ஆகும். ஒட்டுண்ணி வாழ்வினால் உறுப்புக்களை ஒவ்வொன்றாக இழந்து இந்நிலைக்குச் சுருங்கியது.

புழுவில் ஒரு வாழ்வும் மீனில் ஒரு வாழ்வும் உடைய இத்தகைய உயிருக்கு ஒரு குப்பி எவ்வாறு போதும்? மீன் குருத்தெலும்பின் உயிரணுக்களும் வேண்டும். புழுவின் குடலணுக்களும் வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் வேளையில் அதனைத் தூண்டும் குறிப்புக்களும் வேண்டும். இவ்வினத்துச் சில ஒட்டுண்ணிகளைச் சத்துநீரில் சிலநாள் உயிரோடு வைத்து, அவை அசைவதையும் பிளப்பதையும் கண்டோர் உளர். அவற்றின் வாழ்க்கைச் சுழலை முதலிலிருந்து இறுதிவரை குப்பிக்குள் நடத்திக் காட்டியோர் இலர். ஆகவே சுழல்நோயை ஆராயும் கூடங்களில், ஆர்.டி.ஜி.-2 படர்ந்த குப்பிகள் அடுக்கிய அறைக்கு அடுத்த அறையிலேயே, சேறு நிரப்பிய தொட்டியில் செம்புழுக்களும், குளிர்நீர் ஓடும் மற்றொரு தொட்டியில் இளம் டிரவுட் மீன்களும் இன்னும் வளர்க்கப்படுகின்றன.